முழு வெளிச்சம்

என் அண்ணனின் பவளங்களைக் கொன்றவள் நான். கைதவறிச் செய்யவில்லை. அறியாமையால் செய்யவில்லை. எப்படிச் செய்தால் அவை சாகும் என்பதை அவனே எனக்குக் கற்றுக் கொடுத்திருந்தான். அந்த அறிவைக் கொண்டே கொன்றேன்.

இதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் நினைக்கலாம். நானும் பல வருடங்களாக என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத்தண்ணீர், பூவைப்போல் விரிந்து சுருங்கும் சில உயிர்கள். கோழியை அறுக்கிறோம், மீனை ஆய்கிறோம்... இது என்ன பெரிய பாவம்? இப்படிச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆறவில்லை. தொட்டியோடு சேர்ந்து செத்தது வேறொன்று. அதைச் சொல்லாமல் இதைச் சொல்லிப் பயனில்லை.

என் பெயர் சுகுணா. ஆந்திராவில், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நைனாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மாந்தோப்பு. அண்ணன் தயாளன் ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு வேலையில் இருந்தான். எந்த இயந்திரம் நின்றாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். ஒரு மழைநாள் இரவில், நாயுடுபேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் அவன் ஓட்டிப்போன பைக்கை லாரி ஒன்று தட்டிவிட்டுப் போயிற்று. கழுத்தெலும்பு நொறுங்கியது. அதன்பின் மார்புக்குக் கீழே அவனுக்கு உடம்பு என்று ஒன்று இல்லை. தோள் அசையும். வலது முழங்கை கொஞ்சம் மடங்கும். விரல்கள் மடங்கியது மடங்கியபடியே இருக்கும். மடங்கிய விரலின் முட்டியால் செல்போன் திரையைத் தள்ளித் தள்ளிப் படிப்பான். அவனால் தானாகச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

முதல் வருடம் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். சாப்பிடு என்றால் வாயைத் திறப்பான். தொழிற்சாலையில் கூட வேலை பார்த்த சென்னைக்காரர் பிரகாஷ் ஒருநாள் பார்க்க வந்தார். தன் வீட்டில் வளர்க்கும் பவளங்களை செல்போனில் காட்டினார். அண்ணன் அந்தப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த முறை வரும்போது பிரகாஷ் ஒரு சிறிய தொட்டியையே கொண்டுவந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி வைத்துவிட்டார்.

கல்போல் வளரும் பவளங்களை நம் நாட்டில் வீட்டில் வைக்கச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. அண்ணன் அவற்றின் பக்கம் போகவே இல்லை. அவன் வைத்திருந்தவை மென்பவளங்கள். காளான் குடைபோல் விரிகிறது ஒன்று. சட்டைப் பொத்தான்களைக் கொட்டி வைத்ததுபோல் கூட்டமாய் வளர்கிறது இன்னொன்று. தோல்பையைத் திருப்பிப் போட்டதுபோல் இருந்து, வெளிச்சம் வந்ததும் உடம்பெல்லாம் விரல் முளைக்கிறது மற்றொன்று. அந்த விரல்கள் நீரோட்டத்தில் அசைவதை அண்ணன் மணிக்கணக்கில் பார்ப்பான். தன் விரல்கள் அசையாத ஒருவன் அதை எப்படிப் பார்த்திருப்பான் என்று இன்று யோசிக்கிறேன். அன்று யோசிக்கவில்லை.

அறிவு அவனுடையது, கை என்னுடையது. வாட்டர் பிளாண்டில் கேன் பிடித்து வந்து கடலுப்புத் தூளைக் கலப்பேன். கோடையில் தண்ணீர் சூடேறாமல் இருக்கச் சின்ன மின்விசிறி வைப்பேன். ஆவியாகிக் குறைந்ததை ஊற்றி நிரப்புவேன். மின்சாரம் போனால் இன்வெர்ட்டருக்கு ஓடுவேன். ஆனால் இவற்றையெல்லாம்விட அவன் அதிகம் பேசியது வெளிச்சத்தைப் பற்றித்தான்.

"பவளத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கு, சுகுணா. வெளிச்சத்த வெச்சி அந்தப் பாசி சமைக்கும். பவளம் துன்னும். கடலுக்குள்ள போகப்போக செவப்பு முதல்ல செத்துடும். நீலந்தான் ஆழத்துக்குப் போவும். வெள்ளை லைட்டு நம்ம கண்ணுக்கு. நீல லைட்டுதான் அதுங்க வயித்துக்கு."

வெளிச்சம் குறைந்தால் பவளம் மெல்லப் பட்டினி கிடக்கும், பழுப்பேறும், வெளிச்சத்தைத் தேடிக் கழுத்தை நீட்டும். திடீரென்று கூடினால் கதை வேறு. உள்ளே இருக்கும் பாசியே விஷமாகிவிடும். பவளம் அதைக் கக்கிவிட்டு வெளுத்துப்போகும். "நெழல்ல இருந்த ஆளக் கொண்டுபோய் அக்னி நட்சத்திரத்துல நிக்க வெச்சா என்னாவும்? அதான். எந்த லைட்டா இருந்தாலும் கொஞ்சங்கொஞ்சமாத்தான் ஏத்தணும்" என்பான்.

இந்த விஷயத்தில் அவன் பெயர் வெளியே பரவியது. பிரகாஷ் மூலம் சென்னையிலிருந்தும், பிறகு பெங்களூர், விசாகப்பட்டினத்திலிருந்தும் ஆட்கள் அவனை அழைத்தார்கள். தங்கள் தொட்டியின் படத்தை அனுப்பி, "சார், இது ஏன் மங்குது?" என்று கேட்பார்கள். அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, விளக்கு எத்தனை உயரத்தில் தொங்குகிறது, எந்த நேரம் எரிகிறது என்று விசாரிப்பான். அடுத்து என்ன செய்வது என்று சொல்வான். பெரும்பாலும் அது பலிக்கும். எங்கள் வீட்டில் அவனை நாங்கள் புரட்டிப் போட்டோம், துடைத்தோம், ஊட்டினோம். அந்தப் போனில் மட்டும் அவன் சார். தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிப் பேசும் அந்தக் குரலில் பழைய தயாளன் இருந்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

நான் திருப்பதியில் ரத்தப் பரிசோதனைப் படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்கும் திருப்பதியில் ஒரு லேபிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்துத் தொட்டியின் பழைய விளக்கு எரிந்துபோயிற்று. பிரகாஷ் புதிதாக ஒன்று கொண்டுவந்து மாட்டினார். பழையதைவிடப் பல மடங்கு வீரியம். கூட்டவும் குறைக்கவும் நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு.

வேலையைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன்.

"அவன் உடம்ப நான் பாத்துக்குவேன். அந்தத் தொட்டிக்கு என்னா ஊத்தறது, எந்தத் திருகத் திருப்பறது, எனக்கு இன்னா தெரியும்? நீயும் போய்ட்டா அவன் எதப் பாத்துக்கினு படுத்திருப்பான்?"

அண்ணனிடம் போனேன். அவன் என்னை அனுப்பிவிடுவான் என்று உறுதியாக நம்பினேன். அவன் புது விளக்கைப் பார்த்தபடி சொன்னான்.

"ஆறு மாசம் தள்ளிப் போடேன், சுகுணா. புது லைட்டுக்கு எல்லாம் பழகிக்கட்டும்."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இன்று அது புரிகிறது. அன்று எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று... பவளங்கள் வெளிச்சத்துக்குப் பழகும்வரை என் வாழ்க்கை காத்திருக்க வேண்டும். அவனுக்கு அடிபட்ட நாளிலிருந்து நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். யாரும் அதைக் காத்திருப்பு என்று சொல்லவில்லை. தங்கை என்றார்கள்.

லேபுக்குப் போன் செய்து இப்போது வர முடியாது என்றேன். அவர்கள் சரி என்று வைத்துவிட்டார்கள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

சில நாட்களில் அண்ணனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீர் போகும் குழாய் வழியாகக் கிருமி ஏறியிருந்தது. திருப்பதிக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வந்தது. நைனாவும் அம்மாவும் கூடப் புறப்பட்டார்கள். நானும் பையை எடுத்து வைத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அண்ணன் பல் கிடுகிடுக்கச் சொன்னான்.

"நீ வராத. தொட்டியப் பாத்துக்கோ. ரெண்டு திருகும் கால்வாசி. அதுக்கு மேல வேணாம். நான் வந்து ஏத்தறேன்."

வண்டி போயிற்று. அவர்கள் எல்லோரும் திருப்பதிக்குப் போனார்கள். நான் போக நினைத்த அதே ஊருக்கு. தொட்டிக்குக் காவலாக நான் வீட்டில் நின்றேன்.

பகல்தான். ஊரில் ஆள் நடமாட்டம் இருந்தது, தோப்பில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெறிபிடித்துவிடவில்லை. நிதானமாகத்தான் இருந்தேன். தொட்டியருகே போய் இரண்டு திருகுகளையும் கடைசிவரை திருப்பினேன். அறை முழுக்க வெள்ளையாயிற்று. கண் கூசியது. அது போதவில்லை எனக்கு. நேரம் வைத்து அணைக்கும் டைமரைக் கழற்றி எறிந்துவிட்டு, விளக்கின் வயரை நேராகச் சுவர் பிளக்கில் செருகினேன். படுக்கப்போகும்போதுதான் சுவிட்சை அணைத்தேன்.

ஒரு கணத்து ஆத்திரம் என்று நீங்கள் என்னை மன்னிக்க முன்வரலாம். வேண்டாம். ஒரு நாள் செய்தால் ஆத்திரம். நான் அவன் திரும்பி வரும்வரை தினமும் விடிந்ததும் எழுந்து அந்த சுவிட்சைப் போட்டேன். பல் துலக்குவதுபோல, வாசல் தெளிப்பதுபோல... ஒவ்வொரு காலையும் நிறுத்தியிருக்க முடியும். ஒவ்வொரு காலையும் நிறுத்தவில்லை.

முதலில் தோல்பவளம் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பொத்தான்கள் மூடிக்கொண்டன. காளான் குடைகள் ஓரம் சுருட்டி, ஏதோ குளிரில் நடுங்குபவர்கள்போல் தங்களையே போர்த்திக்கொண்டன. பிறகு அவற்றின் நடுவிலிருந்து பழுப்பு நூல் போல ஒன்று வெளியே வந்து தண்ணீரில் மிதந்தது. அது என்னவென்று எனக்குத் தெரியும். அண்ணன் சொல்லியிருக்கிறான். தனக்குச் சமைத்துப் போட்ட பாசியை அது கக்கிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்துக்கொண்டே நான் சோறு சாப்பிட்டேன்.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசுவான். அம்மா போனை அவன் காதில் வைத்துப் பிடித்திருப்பாள்.

"கலரு எப்படிக்கீது?"

"நல்லாக்கீதுண்ணா."

"எல்லாம் விரிஞ்சிருக்குதா?"

"விரிஞ்சிருக்கு."

"ஒரு போட்டோ அனுப்பு."

என் செல்போனில் பழைய படங்கள் இருந்தன. நன்றாக விரிந்திருந்த நாட்களில் எடுத்தவை. ஒவ்வொரு நாளும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினேன். முன்பு அனுப்பியதைத் திரும்ப அனுப்பிவிடக் கூடாதே என்று கவனமாக இருந்தேன். இவ்வளவு கவனம் நான் வேறெதிலும் காட்டியதில்லை. காய்ச்சலில் இருந்த அவன் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டானாம். "புது லைட்டு ஒத்துக்கினு போவுதும்மா" என்று சொன்னானாம். அம்மா எனக்குச் சொன்னாள்.

அவர்கள் திரும்பும் நாளன்று திருகுகளைக் கால்வாசிக்குக் கொண்டுவந்தேன். டைமரைப் பழையபடி மாட்டினேன். தொட்டிக்குள் எல்லாம் ஊறவைத்த ஜவ்வரிசிபோல் வெளுத்துக் கிடந்தது.

அண்ணனைக் கட்டிலில் கிடத்தி, தொட்டியைப் பார்த்தாற்போல் ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டினால் பதிலுக்குக் கத்திவிடலாம் என்று ஒரு பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தேன். ஆறு மாதம் காத்திருக்கச் சொன்னாயே, இப்போது யார் காத்திருக்கிறார்கள் என்று.

"எப்பலேந்து இப்படி?"

"ரெண்டு நாளாத்தாண்ணா. நீ காய்ச்சல்ல இருந்த... சொல்லல."

"கால்வாசிதானே வெச்ச?"

"நீ சொன்ன மாதிரிதாண்ணா வெச்சேன்."

அவன் கண்களை மூடிக்கொண்டான்.

"அப்ப நான்தான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன். கால்வாசியே அதிகமாப் போச்சு. பழைய லைட்ட நெனச்சிக்கினு சொல்லிட்டேன். நீ என்னா பண்ணுவ? நான் சொன்னதத்தானே செஞ்ச."

நான் எதிர்பார்க்காதது அது. என்மேல் விழவேண்டிய அடியை அவன் எடுத்துத் தன்மேல் போட்டுக்கொண்டான். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயில் இரண்டு சொல். நான்தான் செய்தேன்... இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்?

வெளுத்தது எல்லாம் செத்துவிடவில்லை என்று அவன் சொன்னான். பட்டினியாக இருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தை இன்னும் தணித்து, உணவு கொடுத்துப் பார்க்கலாம். விளக்கை உயரத் தூக்கிக் கட்டச் சொன்னான். தண்ணீரை மாற்றச் சொன்னான். இறாலை அரைத்து, ஊசிக்குழலால் ஒவ்வொன்றின் வாயருகிலும் விடச் சொன்னான். எல்லாம் செய்தேன். இந்த முறை உண்மையாகவே செய்தேன். முழங்கைவரை உப்புத்தண்ணீரில் கிடந்து, அவை பிழைக்க வேண்டும் என்று தெரிந்த சாமியை எல்லாம் வேண்டினேன். கொன்றவளே காப்பாற்றுகிறவளாக நின்றால் தெய்வம் எந்தப் பக்கம் பார்க்கும்?

ஒவ்வொன்றாகக் கரைந்தன. காளான்கள் பாறையிலிருந்து உரிந்து விழுந்தன. கடைசியில் தோல்பவளம் அடியிலிருந்து கறுத்து அழுகியது. அந்த நாற்றம் வீடெங்கும் நின்றது. நான் அழுதுகொண்டே அதை அள்ளி வெளியே எடுத்தேன். அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அழாதம்மா. நீ ரொம்பப் பாடுபட்ட."

அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பேன்?

பிரகாஷ் வந்தார். விளக்கைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கால்வாசியில இப்படி ஆகாதுடா, தயா. எங்கயோ இடிக்குது" என்றவர், என்னைப் பார்த்து, "நீ தெரியாம எதுனா ஏத்திட்டியாம்மா?" என்று கேட்டார்.

"இல்லண்ணா."

கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. ஆமாம் என்றிருந்தால் தலையில் குட்டிவிட்டு அடுத்த தொட்டிக்கு ஏற்பாடு செய்திருப்பார். அவ்வளவு எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அவர் மேலே கேட்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"அவள ஏன்டா கேக்கற? தப்பு என்னுது. தொட்டிய எடுத்துக்கினு போயிடு."

தொட்டி போனது. அதோடு போன இன்னொன்றை நாங்கள் உடனே கவனிக்கவில்லை.

போன் வரும். அண்ணன் எடுக்கமாட்டான். ஒருமுறை விசாகப்பட்டினத்து ஆள் விடாமல் அழைக்க, நான் எடுத்து அவன் காதில் வைத்தேன். அந்த ஆள் தெலுங்கில் ஏதோ விளக்கு பற்றிக் கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நாக்கு தெலீதண்டி" என்று சொல்லிவிட்டான். எனக்குத் தெரியாது என்று.

"ஏண்ணா? உனக்குத் தெரியுமே" என்றேன்.

"என்னாத்த தெரியும்? நான் சொல்லி அவங்களுதும் செத்துட்டா? உடம்புதான் போச்சு, மூளை நிக்கிதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன், சுகுணா. அதுவும் போயிடுச்சி போல."

இதைத்தான் நான் கொன்றேன். புரிகிறதா உங்களுக்கு? லாரி அவனிடம் விட்டுவைத்துப் போன ஒரே ஒரு பொருள்... தான் நினைப்பது சரியாக இருக்கும் என்ற நம்பிக்கை. அதை என் கையால் வெளுக்க வைத்தேன்.

அப்போதும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டால் பயம் என்பேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே சொல்லாவிட்டால் வேறெங்கே சொல்வது? தொட்டி போன மறுமாதமே அண்ணன் அம்மாவைக் கூப்பிட்டு, "சுகுணாவ வேலைக்கு அனுப்பிடு. இங்க இனிமே அவளுக்கு இன்னா வேல?" என்று சொன்னான். நான் நினைத்தது நடந்தது. திருப்பதியில் வேறொரு லேபில் வேலை கிடைத்தது. உண்மையைச் சொன்னால் அதை விட்டுத் திரும்ப வேண்டியிருக்குமோ என்று கணக்குப் போட்டேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். ஜன்னல் காற்று முகத்தில் அடித்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆம், மகிழ்ச்சி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கல்யாணமாயிற்று. கணவர் வேலூர்க்காரர், திருப்பதியில் கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். அவரிடமும் சொன்னதில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். கேட்டதற்குப் பதில் சொல்வான். நைனா தோப்பில் மோட்டார் ஓடவில்லை என்று வந்து நின்றால்கூட, மின்சாரத்தைக் கரைத்துக் குடித்த அந்த மனிதன், "யாரையாவது கூப்ட்டுக் காட்டு நைனா" என்பான்.

போன வருடம் கோடையில்தான் அது நடந்தது.

கழுத்தடிபட்டவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் அவர்களுக்கு வயிற்றில் வலி தெரியாது. அதற்குப் பதிலாகத் தலை வெடிப்பதுபோல் வலிக்கும், முகம் வேர்த்துக் கொட்டும், ரத்த அழுத்தம் எகிறும். அண்ணனுக்கு அந்த அறிகுறி அத்துப்படி. முன்பெல்லாம் நெற்றியில் முதல் துளி வேர்வை பூக்கும்போதே, "அம்மா, குழாய் மடங்கிக்கினு இருக்கும் பாரு" என்று சொல்லிவிடுவான். அம்மா நிமிர்த்திவிடுவாள். சரியாகிவிடும். தன் உடம்பைத் தானே கேட்டு, தானே கணக்குப் போட்டு, தானே தப்பித்துக்கொண்டிருந்தான்.

அன்று அவன் சொல்லவில்லை.

அம்மா துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தபோது அவன் முகம் சிவந்து, வாய் ஒருபக்கம் கோணி, கண் செருகிக் கிடந்தான். படுக்கைக்கடியில் குழாய் மடங்கி நசுங்கியிருந்தது. திருப்பதிக்கு ஓட்டி வந்தார்கள். மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். நான் லேபிலிருந்து அப்படியே ஓடினேன்.

டாக்டர் அம்மாவைப் பார்த்துத் தெலுங்கில் கேட்டார். "முந்தே எந்துகு செப்பலேது?" முன்னாடியே ஏன் சொல்லவில்லை... அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

பதில் சில நாள் கழித்து அண்ணனிடமிருந்தே வந்தது. அதற்குள் அவனுக்குப் பேச்சு குழறிப்போயிருந்தது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே அவன் நாக்கு எங்கோ போய்த் தேடிவிட்டு வந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"தலை... வலிச்சிது. குழாயோன்னு... தோணுச்சி. அப்புறம்... எனக்கு இன்னா தெரியும்னு... விட்டுட்டேன்."

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். அங்கே யாருடைய குழந்தையோ பிஸ்கட்டைக் கேட்டு அழுதுகொண்டிருந்தது. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபத்தை அறிவிக்கும் ஒரே மணி அவனிடம் இருந்தது. அது அடித்தது. அவன் அதை நம்பவில்லை. நம்பாதே என்று கற்றுக்கொடுத்தவள் யார்?

லாரி ஓட்டியவனைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. நைனா இன்றும் அவனைச் சபிப்பார். அவர் சபிக்கும்போதெல்லாம் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அந்த ஓட்டுநர் இருட்டிலும் மழையிலும் பார்க்காமல் இடித்திருக்கலாம். நான் வெளிச்சத்தில் பார்த்துச் செய்தேன்.

இனி அம்மா ஒருத்தியால் முடியாது என்று ஆனபின், என் கணவரே முன்வந்து, "அண்ணன இங்கயே கூட்டிக்கினு வந்துடலாம்" என்றார். முன்னறையில் கட்டில் போட்டோம். அம்மாவும் கூட வந்துவிட்டாள். நைனா தோப்பைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருக்கிறார். தெருவில் எல்லோரும் என்னைப் புகழ்கிறார்கள். அண்ணனை இப்படித் தாங்குகிற தங்கச்சி எங்கே கிடைப்பாள் என்று.

பலமுறை அவன் பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்திருக்கிறேன். சொன்னால் அவனுக்கு என்ன கிடைக்கும்? உன் கணக்குச் சரியாகத்தான் இருந்தது, உன் மூளை உன்னை ஏமாற்றவில்லை என்ற செய்தி கிடைக்கும். இதைவிடப் பெரிய மருந்து அவனுக்கு உலகத்தில் இல்லை. கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். ஆனால் அந்த மருந்தைக் கொடுத்த கணமே அவனுக்கு என் முகம் தெரிந்துவிடும். சோறூட்டும் கை எதுவென்று தெரிந்துவிடும். அவன் வாயை மூடிக்கொண்டால்? இவளிடம் இனி சாப்பிடமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டால்... திரும்பக்கூட என்னைத்தானே அவன் கேட்க வேண்டும்?

இப்படித் திறந்த வாயை ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டேன். உங்களிடம் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்வது சுலபம். நீங்கள் என் கையால் சாப்பிடுவதில்லை.

இன்று மதியம் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அண்ணனின் முதுகில் படுக்கைப்புண் ஆழமாகியிருக்கிறது. அறுவைசிகிச்சை செய்து மூடலாம், ஆனால் மயக்கமருந்தை இந்த உடம்பு தாங்குமா என்பதில் சந்தேகம் இருக்கிறது. செய்யாமல் கட்டுப்போட்டே வரலாம், ஆனால் கிருமி எலும்புக்கு இறங்கினால் ஆபத்து. இரண்டையும் நிதானமாக விளக்கிவிட்டு, முடிவு உங்களுடையது என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அண்ணனுக்கு எல்லாம் புரிந்தது. கண்ணில் அந்தப் பழைய கூர்மை ஒரு நொடி வந்ததைப் பார்த்தேன். அவன் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகு அது அணைந்தது. தலையை மெல்ல என் பக்கம் திருப்பினான்.

"நீ... சொல்லு, சுகுணா. நீ சொன்னா... சரியாருக்கும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள்.

வாயைத் திறந்தேன். அறுவைசிகிச்சை செய்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன்.